48 கார்டு போதும், தம்பி

கேள்வி: பாம்பனில் இருந்து எழுதுகிறேன். அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். எனக்குப் படம் வரைய வரும். எங்கள் ஊர் மீன், கோயில், பாலம், தலைவர்கள் என்று 100 படம் வரைந்து, ஒவ்வொன்றிலும் 500 வீதம், பிள்ளைகள் சேர்த்து மாற்றிக்கொள்கிற டிரேடிங் கார்டாக அச்சடித்தேன். கவருக்கு 5 கார்டு, விலை 10 ரூபாய். ராமேசுவரத்தில் மாமா கடையில் வைத்து எட்டு மாதம் ஆகிறது. 600 கவர் சொச்சம்தான் போயிருக்கிறது. வாங்கியவர்கள் திரும்பி வந்து வாங்குவதில்லை. தங்க ஃபாயில் போட்டால் எடுபடுமா? 100 போதாது, 200 ஆக்கு என்கிறான் நண்பன். சேகரிக்கிறவர்களை இழுப்பது எது? ஐந்து கவர் இத்துடன் வைத்திருக்கிறேன். இன்னொன்று: கடை வாசலில் 'இங்கு அட்டை கிடைக்கும்' என்று எழுதி வைத்ததற்கு ஒரு போலீஸ்காரர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

பதில்:

தம்பிக்கு வணக்கம். முதலில் அந்தப் பலகையை எடுத்துவிடுங்கள். நம் கரையில் அட்டை என்றால் கடல் அட்டைதான். 2001இல் இருந்து அதைப் பிடிப்பதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வந்தவர் தன் வேலையைத்தான் பார்த்திருக்கிறார். 'படக் கார்டு' என்று எழுதுங்கள். நானும் இந்தப் பதில் முழுக்கக் கார்டு என்றே எழுதுகிறேன்.

நான் மண்டபத்தில் பிறந்தவன். சிவகாசியில் அச்சக வடிவமைப்பில் 26 வருடமாக இருக்கிறேன். பிஸ்கட் பாக்கெட்டுக்குள் போடுகிற படம், சீட்டுக்கட்டு, குழந்தைகள் விளையாடுகிற ட்ரம்ப் கார்டு என்று பல செட்டுகள் என் மேசை வழியாகப் போயிருக்கின்றன. உங்கள் ஐந்து கவரையும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு என் மகளை உட்கார வைத்துப் பிரித்தேன். ஏழாவது படிக்கிறாள்.

25 கார்டில் அவள் ஒன்றைத்தான் கையில் வைத்துக்கொண்டாள். அது உங்கள் நீலக்கால் நண்டு. நானும் அதைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வலது கொடுக்கின் பல்லில் பச்சை நைலான் நூல் ஒன்று, அறுந்த வலைத் துண்டு, ஒரு சுற்றுச் சுற்றிக் கிடக்கிறது. அதிகாலையில் கரையில் உட்கார்ந்து வலையில் இருந்து நண்டு எடுத்தவர்களுக்குத்தான் அந்த நூல் தெரியும். புத்தகத்தைப் பார்த்து வரைகிறவன் அதை வரைய மாட்டான். ஆகவே உங்கள் படத்தில் குறை இல்லை. இதை உங்கள் மனம் ஆறுவதற்காகச் சொல்லவில்லை. படம் சரியில்லை என்றால் வேறு பதில் எழுதியிருப்பேன்.

நண்டை வைத்துக்கொண்டு மகள் கேட்டாள்: "மொத்தம் எத்தனைப்பா?" கார்டைத் திருப்பிப் பார்த்தேன். எண் இல்லை. கவரிலும் இல்லை. பின்பக்கம் உங்கள் பெயரும் ஒரு நங்கூரமும் மட்டும். "தெரியலம்மா" என்றேன். நண்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

உங்கள் 600 கவரும் அந்த இடத்தில்தான் நின்றுபோயிருக்கின்றன என்பது என் கணிப்பு. சேகரிக்கிறவரைப் பிடித்து இழுப்பது கையில் இருக்கிற கார்டு இல்லை, கையில் இல்லாத கார்டு. ஆனால் இல்லாததற்கு ஒரு முகம் வேண்டும், ஒரு பெயர், ஓர் எண், அது வந்து உட்கார வேண்டிய ஒரு காலி இடம் வேண்டும். எதெல்லாம் இல்லை என்றே தெரியாதவருக்கு ஏக்கம் எங்கிருந்து வரும்?

போக்கிமான் கார்டு உங்கள் கடைக்கு வருகிற பிள்ளைகளிடம் இருக்கும், வாங்கிப் பாருங்கள். 1999இல் ஆங்கிலத்தில் வந்த முதல் செட்டில் சாரிசார்ட் என்கிற நெருப்பு டிராகன் கார்டின் அடி மூலையில் 4/102 என்று பொடியாக அச்சடித்திருக்கும். 102இல் இது நான்காவது என்று பொருள். பக்கத்தில் ஒரு சின்னக் குறி. வட்டம் என்றால் சாதாரணம், வைரம் என்றால் கொஞ்சம் அரிது, நட்சத்திரம் என்றால் அரிது. அரிசியளவு மைதான் செலவு. ஆனால் அதைப் படித்த பிள்ளைக்கு மீதி 101 கார்டும் கண்ணுக்குத் தெரியாமலே வரிசையாக வந்து நின்றுவிடுகின்றன. இன்னொரு மூலையில் வரைந்தவர் பெயர் இருக்கும். சாரிசார்டை வரைந்தவர் மிட்சுஹிரோ அரிடா. இன்றைக்கு அவர் வரைந்த கார்டுகளை மட்டும் தேடிச் சேர்க்கிறவர்களே இருக்கிறார்கள். உங்கள் பெயரையும் முன்பக்கத்திலேயே, படத்துக்கு அடியில் போடுங்கள்.

எண்ணுக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1933இல் அமெரிக்காவில் கௌடி என்ற சூயிங்கம் கம்பெனி 240 பேஸ்பால் கார்டு கொண்ட செட் ஒன்றை விட்டது. அதில் 106ஆம் எண் கார்டை அவர்கள் அச்சடிக்கவே இல்லை. பிள்ளைகள் 105ஐயும் 107ஐயும் வைத்துக்கொண்டு சூயிங்கம் வாங்கித் தள்ளினார்கள். கேட்டுக் கடிதம் எழுதியவர்களுக்கு அடுத்த வருடம் அந்தக் கார்டை அச்சடித்துத் தபாலில் அனுப்பினார்கள். ஒரே ஒரு காலி இடம் எத்தனை பேரை எழுத வைத்தது பாருங்கள். அந்த வலுவை அவர்கள் தப்பாகப் பயன்படுத்தினார்கள் என்பதே என் எண்ணம். இதை நான் வெளியில் நின்று சொல்லவில்லை. பல வருடத்துக்கு முன் ஒரு மிட்டாய்க் கம்பெனிக்கு 30 படம் கொண்ட செட் செய்தபோது, ஒரு படத்தை மட்டும் நூற்றுக்கு ஒன்றாகக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்துக் கொடுத்தேன். பிள்ளைகள் இன்லண்ட் லெட்டரில் எழுதியதையெல்லாம் பிறகு என்னிடம் காட்டினார்கள். "29 இருக்கு, ஒன்னு மட்டும் அனுப்புங்க அங்கிள்." அந்த வேலையை நான் திரும்பச் செய்ததில்லை. உங்களையும் செய்ய விட மாட்டேன்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். நண்பர் சொன்னபடி 200 ஆக்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எல்லாக் கார்டும் சம அளவில் கலந்து கிடக்கிறது, ஒரு பிள்ளை யாரிடமும் மாற்றாமல் கவர் வாங்கியே செட்டை முடிக்கப் பார்க்கிறது என்று வையுங்கள். 200 கார்டு செட்டுக்குச் சராசரியாக 1,176 கார்டு வாங்க வேண்டும். உங்கள் விலையில் 2,350 ரூபாய். இப்போதைய 100 கார்டு செட்டுக்கு 519 கார்டு, 1,040 ரூபாய். பாம்பன் பிள்ளை எங்கே போகும் அவ்வளவு காசுக்கு? 48 கார்டு என்றால் 214 கார்டில், சுமார் 430 ரூபாயில் முடியும். இதிலும் முதல் பாதியான 24 கார்டு வெறும் 33 கார்டுக்குள் கிடைத்துவிடும், ஏழு கவரில். கஷ்டமெல்லாம் கடைசியில்தான். 47 சேர்த்த பிறகு அந்த ஒன்றே ஒன்றுக்குச் சராசரியாக இன்னும் 48 கார்டு வாங்க வேண்டும். ஆரம்பத்தில் வேகமாக நிறைய வேண்டும், முடிவில் இழுக்க வேண்டும். பெரிய செட்டில் ஆரம்பமே இழுக்கிறது, பிள்ளை பாதியில் விட்டுவிடுகிறது.

இதில் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய 25 கார்டில் இரண்டுதான் இரட்டை வந்தது. நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. இரட்டை வந்தால்தான் மாற்றுவதற்குக் கையில் சரக்கு இருக்கும். 48 கார்டு செட்டில் 25 வாங்கினால் ஐந்தாவது இரட்டை வரும். அந்த ஐந்தை எடுத்துக்கொண்டு பிள்ளை அடுத்த வீட்டுக்குப் போகும். இத்தாலியில் மோடெனா நகரத்து பனினி கம்பெனி 1961இல் கால்பந்து வீரர் படம் விட ஆரம்பித்து, 1970 மெக்சிகோ உலகக் கோப்பைக்கு ஆல்பம் போட்டது. அது இன்றுவரை ஓடுவது அந்தப் பேச்சினால்தான். கட்டை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி "இருக்கு, இருக்கு, இருக்கு... ஏய், நில்லு, இது இல்ல" என்கிற பேச்சு. உங்கள் 100 கார்டு செட்டில் யாருக்கும் யாரிடமும் போய்ப் பேச வேலையே இல்லை.

அதைவிட முக்கியம், நீங்கள் விற்கிற இடம். ராமேசுவரத்துக்கு வருகிறவர் 22 தீர்த்தம் ஆடி, சாமி கும்பிட்டு, தனுஷ்கோடி பார்த்து, சாயங்கால ரயிலில் ஏறிவிடுகிறார். அவர் கவர் வாங்கி என்ன செய்வார்? ஐந்து கார்டு வரும், மீதிக்குத் திரும்பி வர மாட்டார், அவர் ஊரில் மாற்றிக்கொள்ள ஆளும் இல்லை. அவருக்கு வேண்டியது பெட்டியில் போட்ட முழு செட். கவர் வேண்டியது கரையோரத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற பெட்டிக்கடைகளுக்கு. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை, ஏர்வாடி என்று தினமும் ஒரே முகங்கள் கூடுகிற இடங்களில்தான் கவர் பிழைக்கும். நீங்கள் இரண்டு சரக்கை ஒரே கடையில், ஒரே உருவத்தில் விற்கப் பார்த்திருக்கிறீர்கள். எட்டு மாதம் ஓடாததற்கு இதையே முதல் காரணமாகச் சொல்வேன்.

எந்த 48? கோயில், தலைவர், பாலம், மீன் எல்லாம் ஒரே செட்டில் இருந்தால் அது எங்கே முடிகிறது என்று வாங்குகிறவருக்குப் பிடிபடாது. எல்லையை நீங்கள் போடுவதைவிட, ஏற்கெனவே இருக்கிற எல்லையைப் பிடித்துக்கொள்வது நல்லது. நம் கடலுக்கு அப்படி ஓர் எண் இருக்கிறது: 21. மன்னார் வளைகுடாத் தீவுகள். 1986இல் தேசியப் பூங்கா ஆனவை. கரையில் நின்று தினமும் பார்க்கிறோம், அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. நம் பிள்ளைகளுக்குப் பாதிப் பேர்கூடத் தெரியாது. பேர்களைச் சொல்லிப் பாருங்கள்: முசல், மனோலி, பூமரிச்சான், புள்ளிவாசல், குருசடை, தலையாரி, வாழை, முல்லி, அப்பா, ஆனைபார். நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு என்று ஒரு ஜோடி வேறு. அந்த இரண்டில் ஒன்று கிடைத்த பிள்ளை மற்றதைத் தேடாமல் தூங்குமா?

நேற்று இரவு ஆல்பத்துக்குக் கட்டம் போட்டுப் பார்த்தேன். ஆசையாக இருந்தது, அதனால் விரித்தே எழுதுகிறேன். பக்கத்துக்கு 8 கார்டு, 6 பக்கம், ஆக 48. தீவுகள் நான்கு கூட்டமாகச் சொல்லப்படுகின்றன. மண்டபம் கூட்டம் 7, கீழக்கரை கூட்டம் 7, வேம்பார் கூட்டம் 3, தூத்துக்குடி கூட்டம் 4. மண்டபத்து ஏழும் முதல் பக்கம், எட்டாவது இடத்தில் நம் கடல் காற்றுகளில் ஒன்றுக்கு ஒரு கார்டு. கீழக்கரை ஏழும் இரண்டாம் பக்கம், இன்னொரு காற்று. வேம்பாரும் தூத்துக்குடியும் சேர்ந்து ஏழு, மூன்றாம் பக்கம், மூன்றாவது காற்று. திசைக்கு ஒன்றாகக் கச்சான், சோளகம், வாடை, கொண்டல் என்று காற்று நாலுதான். நாலாவது காற்று நாலாம் பக்கத்தில் முதலாவதாக வரட்டும். அதோடு 23 கடல் உயிர் சேர்ந்தால் கடைசி மூன்று பக்கமும் நிறைந்துவிடும். எங்கும் ஒரு இடம் மிஞ்சவும் இல்லை, குறையவும் இல்லை. காற்றுக் கார்டின் பின்பக்கம் என்ன எழுதுவது என்று என்னைக் கேட்காதீர்கள். எந்தக் காற்றில் எந்த மீன் படும், எந்தக் காற்றில் கடல் பார்த்துப் போக வேண்டும் என்று அப்பாவைக் கேட்டு, அவர் சொல்கிற வார்த்தையிலேயே எழுதுங்கள்.

பக்கத்துக்கு எட்டு என்பதிலும் ஒரு காரணம் உண்டு. 48 முடிவது தூரத்தில் இருக்கும். எட்டு முடிவது பக்கத்தில் இருக்கும். ஒரு பக்கம் நிறைந்த பிள்ளை அதை வகுப்பு முழுக்கக் காட்டும். ஆல்பத்தில் ஒவ்வொரு காலி இடத்திலும் கார்டின் எண்ணும் பெயரும் மட்டும் அச்சடித்து, நான்கு மூலைக்கும் கீறல் போட்டால் போதும். பழைய போட்டோ ஆல்பம் மாதிரி செருகிக்கொள்வார்கள். பசை வேண்டாம், ஒட்டின கார்டை மாற்ற முடியாது.

21 தீவில் இரண்டு இப்போது தண்ணீருக்கு மேல் இல்லை, தெரியும்தானே? கீழக்கரை கூட்டத்தில் பூவரசன்பட்டி, தூத்துக்குடி கூட்டத்தில் விலங்குசல்லி. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில், அலையைத் தடுக்க ஒன்றும் இல்லாமல் மூழ்கிப்போனவை. அந்த இரண்டு கார்டில் படமே வேண்டாம். விளிம்பு வரை கடல் நீலம் மட்டும். தீவின் உருவத்தை, வேண்டிய இடத்தில் மட்டும் பளபளப்புப் பூசுகிற ஸ்பாட் வார்னிஷில் போடுங்கள். நேராகப் பார்த்தால் வெறும் நீலம், வெளிச்சத்தில் சாய்த்தால் தீவு மினுங்கும். ஃபாயிலுக்கு வைத்திருக்கிற காசை இங்கே செலவு செய்யுங்கள். 100 கார்டிலும் தங்கம் பூசினால் எதுவும் தங்கமாகத் தெரியாது. தங்கம் உங்கள் கடலில் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். அந்த நீலம் இருக்கிறது.

அரிய கார்டு வேண்டாமா என்று கேட்பீர்கள். இதற்கு என் சின்ன வயதில் இருந்து ஒன்று சொல்கிறேன். நாங்கள் தீப்பெட்டிப் படம் சேர்த்தோம். உள்ளூர்ப் படத்துக்கு மதிப்பு ஒன்று. ராமேசுவரம் ஸ்டேஷனில் வடநாட்டு யாத்ரீகர்கள் பீடி பற்றவைத்துவிட்டு எறிகிற பெட்டியில் இந்தி எழுத்துப் படம் இருக்கும், அதற்கு மதிப்பு பத்து. ஒரு படத்துக்காக மண்டபத்தில் இருந்து ரயிலேறிப் போய்த் தண்டவாளத்து ஓரமாக நடந்து தேடியிருக்கிறேன். சிவகாசிக்கு வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த இந்திப் படங்களில் பலவும் இங்கேயே, நான் தினமும் நடக்கிற தெருவில் அச்சானவை. கட்டுக் கட்டாக அடித்து லாரியில் ஏற்றிய சரக்கு. அதனால் என் படங்களின் மதிப்பு எனக்குக் குறையவில்லை. அவை காசி வரை போய், ஒருவர் இடுப்பில் இருந்து, ராமநாதரைப் பார்க்க வந்து, என் கையில் விழுந்தவை.

பெரிய சந்தையிலும் இதைப் பார்க்கலாம். டாப்ஸ் கம்பெனியின் 1952ஆம் வருட பேஸ்பால் செட்டில் 407 கார்டு. 311ஆம் எண்ணான மிக்கி மாண்டில் கார்டு 2022இல் 126 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்தக் கார்டு தன் தாளில் மற்ற பெரும்பாலானவற்றைவிட இரண்டு மடங்கு அச்சானது! ஆனால் அந்தக் கடைசி வரிசைக் கார்டுகள் கடைக்கு வந்தபோது ஆட்டப் பருவம் முடிந்து, பிள்ளைகள் கவனம் வேறு பக்கம் போய்விட்டது. விற்காமல் கிடங்கில் கிடந்த பெட்டிகளை 1960இல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டினார்கள். மீந்தவற்றில் பலவும் பிள்ளைகளின் டவுசர் பைக்குள்ளும் சைக்கிள் சக்கரத்திலும் இருந்து தப்பியவை. இதற்கு நேர் எதிராக, 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் "பின்னால் விலை ஏறும்" என்று சொல்லிக் கோடிக்கணக்கில் அச்சடித்தார்கள். வாங்கியவர்கள் பிரிக்காமலே அடுக்கி வைத்தார்கள். பெரும்பாலானவற்றுக்கு இன்றும் விலை இல்லை. எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் எப்படி அரிதாகும்?

எனவே 48இல் எதையும் குறைக்காதீர்கள். எல்லாம் சமமாகவே இருக்கட்டும். பிள்ளைகள் தொலைத்து, நனைத்து, பென்சில் பாக்ஸில் மடித்து, தாங்களே சிலவற்றை அரிதாக்கிவிடுவார்கள்.

ஒரே ஒரு ஆச்சரியம் மட்டும் வைக்கலாம். நம் கரை சங்கு குளித்த கரை. கிடைப்பதெல்லாம் இடம்புரி, எப்போதாவது ஒரு வலம்புரி. 23 உயிரில் சங்கு ஒன்று இருக்கட்டும், இடம்புரியாக. அதே படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப்போட்டு, வலம்புரியாக 50 மட்டும் டிஜிட்டலில் தனியாக அடித்துக் கவர்களில் கலந்துவிடுங்கள். எண் அதே எண், பின்பக்கம் அதே பின்பக்கம். இடம்புரி இருந்தாலே ஆல்பத்தில் அந்த இடம் நிறைந்துவிடும், செட் முடிந்துவிடும். வலம்புரி கிடைக்காத பிள்ளைக்கு எதுவும் குறையாது. கிடைத்த பிள்ளை அதைக் கிடைத்த மறுநாளே கவனிக்கலாம், ஒரு மாதம் கழித்து இன்னொருவன் கார்டோடு வைத்துப் பார்க்கும்போதும் கவனிக்கலாம். எத்தனை போட்டிருக்கிறீர்கள் என்பதைக் கவரின் மேலேயே அச்சடியுங்கள். மறைக்க வேண்டாம்.

கடைசிக் கார்டுக்காக ஒரு பிள்ளை பத்துக் கவர் வாங்குவதை நானும் நீங்களும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. 40 சேர்த்துவிட்டவர் ஆல்பத்தோடு கடைக்கு வந்தால், இல்லாத கார்டை எண் சொல்லி 5 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளலாம் என்று வையுங்கள். பனினிகூடக் கடைசிச் சில ஸ்டிக்கர்களைத் தனியாக விற்கிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் கடைத் திண்ணையில் மாற்றிக்கொள்ள வரச் சொல்லுங்கள்.

அச்சு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கார்டுகள் என்னிடம் வந்தபோதே கிண்ணம் மாதிரி குழிந்திருந்தன. முன்பக்கம் மட்டும் லேமினேஷன் செய்திருக்கிறீர்கள். நம் கரைக் காற்றின் ஈரத்தைப் பின்பக்கத்துத் தாள் குடித்து விரிகிறது, பிளாஸ்டிக் ஒட்டிய பக்கம் விரிவதில்லை, அதனால் வளைகிறது. இரண்டு பக்கமும் செய்யுங்கள், அல்லது இரண்டு பக்கமும் வார்னிஷோடு நிறுத்துங்கள். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள ஆர்ட் கார்டு தாள் போதும். வெள்ளை ஓரம் 2 மில்லிமீட்டர்தான் விட்டிருக்கிறீர்கள். வெட்டும்போது அரை மில்லி நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடிமனாக, ஒரு பக்கம் மெலிசாகத் தெரிகிறது. சேகரிக்கிறவர் கண் முதலில் அங்கேதான் போகும். கார்டுக்கு 1 முதல் 10 வரை தரம் போடுகிற நிறுவனங்களும் படம் நடுவில் இருக்கிறதா, மூலை மழுங்கியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கின்றன. ஓரத்தை 4 மில்லி ஆக்குங்கள், இல்லையென்றால் ஓரமே இல்லாமல் படத்தை விளிம்பு வரை ஓட விடுங்கள். அளவு இரண்டரைக்கு மூன்றரை அங்குலமாகவே இருக்கட்டும், கடையில் கிடைக்கிற எல்லா உறையிலும் நுழையும். அந்த அளவில், வெட்டுக்கு இடம் விட்டு 20க்கு 30 அங்குலத் தாளில் ஏழுக்கு ஏழு, 49 கார்டு பிடிக்கும். 48 போக மீதி ஒன்று செக்லிஸ்ட். ஆல்பம் வாங்க முடியாதவர்கள் அதில் டிக் போட்டுக்கொள்ளட்டும்.

ஆயிரம் தாள் ஓட்டினால் ஆயிரம் செட். 300 செட்டைப் பெட்டியில் போட்டு யாத்ரீகர்களுக்கு வையுங்கள். மீதி 700 செட் 6,720 கவர் ஆகும். விற்றுத் தீர்ந்து மறுபடி அடித்தால் பின்பக்கம் 'இரண்டாம் அச்சு' என்று போட்டுவிடுங்கள். முதலில் வாங்கியவருக்குச் செய்கிற மரியாதை அது.

பின்பக்கம் ஒரு நங்கூரத்துக்கு விட்டுக்கொடுக்கக் கூடாத இடம். மீனுக்கு ஊருக்கு ஊர் பேர் மாறுகிறது. வஞ்சிரம் என்று சென்னையில் கேட்பதை நெய்மீன் என்பார்கள் தெற்கே. ஒவ்வொரு மீனுக்கும் எந்தத் துறையில் என்ன பேர் என்று இரண்டு மூன்று எழுதுங்கள். தங்கச்சிமடத்துப் பிள்ளையும் கீழக்கரைப் பிள்ளையும் எது சரியான பேர் என்று சண்டை போட்டுக்கொள்ளட்டும், நல்ல சண்டை அது. ட்ரம்ப் கார்டு மாதிரி நீளம், எடை, ஆழம் என்று மூன்று எண் கொடுத்தால் விளையாடவும் ஆகும். ஆனால் அந்த எண்களை நீங்களாக எழுதாதீர்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. படத்தையும் குறிப்பையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஆவுளியா என்கிற கடல்பசு, கடல்குதிரை, கடல் ஆமை, கடல் அட்டை இவை எல்லாம் சட்டம் காக்கிற உயிர்கள் என்பதைக் கார்டிலேயே ஒரு வரி சொல்லுங்கள். கடல்பாசி எடுக்கக் கழுத்தளவுத் தண்ணீரில் மூழ்குகிற சின்னப்பாலத்துப் பெண்கள் கையில் இருக்கிற பாசிக்கும் 23இல் ஓர் இடம் கொடுங்கள். மரிக்கொழுந்துப் பாசி என்ற பேரே ஒரு கார்டு.

வெளியிடுகிற நாள் ஏப்ரல், மே வேண்டாம். பள்ளி விடுமுறைதான், ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுக் குடும்பங்களில் பிள்ளை பத்து ரூபாய் கேட்கத் தயங்குகிற நாட்கள். படகு போய், பள்ளியும் திறந்த பிறகு ஜூன் கடைசியில் விடுங்கள்.

பழைய 50 ஆயிரத்தில் மிச்சம் இருப்பதை எடைக்குப் போடாதீர்கள். பாலம் கார்டுகளைத் தனியாகப் பிரியுங்கள். 1914 ரயில் பாலம், 1964 புயலில் சிதைந்த பாலம், 1988 சாலைப் பாலம், 2025இல் திறந்த புதிய தூக்குப் பாலம் என்று நான்கு உங்கள் 100இல் இருப்பதைப் பார்த்தேன். நான்கையும் ஒரு காகிதப் பட்டையில் கட்டி 20 ரூபாய்க்கு ஸ்டேஷன் பக்கம் வையுங்கள், ஓடும். கோயில் கார்டுகளையும் அப்படியே கட்டலாம். குழிந்தவற்றைக் கனமான புத்தகத்துக்கு அடியில் நான்கு நாள் வைத்து எடுங்கள்.

நண்டுக் கார்டு இப்போது என் மகளின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அதற்கு என்ன எண் கொடுக்கப்போகிறீர்கள் என்று கேட்கச் சொன்னாள். செக்லிஸ்ட்டின் ப்ரூஃபை பிளேட் போடுவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள், தீவுப் பெயர்களில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துத் தருகிறேன்.